இரண்டாவது மொடலிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது

காலபோக (பெரும்போக) விதைப்புக்கு முன் கமக்காரர் அமைப்பு ஒன்றுக்கு ஒரு பக்க ஆங்கில அறிவித்தல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நெல்லினம், ஹெக்டேயருக்கு எவ்வளவு பசளை, விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதி எது, எந்தப் பிரதேச செயலகத்துக்கு எந்தப் பத்திரத்தோடு போகவேண்டும் என்ற விபரங்கள் அதில் இருக்கின்றன. செயலாளர் அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துச் செயற்கை நுண்ணறிவு மொடல் ஒன்றிடம் கொடுக்கிறார். அரை நிமிடத்தில் தமிழ் வந்துவிடுகிறது, வாசிக்கத் தடையில்லாமலும் இருக்கிறது. வட்ஸ்அப் குழுவில் போட்டால் இரவுக்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிடும். போட முன்னர் அதை யார் சரிபார்ப்பது?

ஆங்கிலமும் சிங்களமும் நன்றாக வாசிக்கிற ஒருவர் எல்லா அமைப்பிலும் இருப்பதில்லை. அதனால் பலரும் ஒரு மொடல் எழுதியதை இன்னொரு மொடலிடம் காட்டிக் கேட்கிறார்கள். அந்த யோசனை நல்லதுதான். ஆனால் அதைச் செய்ய நான்கு வழிகள் உண்டு, நான்கும் ஒரே பயனைத் தருவதில்லை. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேறு நிறுவனத்தின் மொடலிடம் மூலத்தையும் சேர்த்துக் கொடுத்து, பிழையைச் சுட்டிக்காட்ட மட்டும் விட்டால் நல்ல பயன் உண்டு. ஆனால் அதன் கண்ணிலும் படாத ஒரு வகைப் பிழை இருக்கிறது. இலங்கையின் வன்னியில் ஆட்களை அலையவைப்பது பெரும்பாலும் அந்த வகைதான்.

பிழைகள் இரண்டு வகை

முதல் வகை, கைதவறிய பிழை. மூலத்தில் ஹெக்டேயருக்கு 225 கிலோ யூரியா என்றிருப்பதை மொடல் ‘ஏக்கருக்கு 225 கிலோ’ என்று எழுதிவிடும். ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர் என்பதால் உண்மையான கணக்கு ஏக்கருக்கு 91 கிலோ. 50 கிலோ பையில் இரண்டுக்கும் சற்றுக் குறைவு. பிழையான கணக்கில் நாலரைப் பை. (இது கணக்குக்கான உதாரணம் மட்டும். உங்கள் வயலுக்கான அளவை விவசாயப் போதனாசிரியரிடம்தான் கேட்கவேண்டும்.) ஏ.ரி. 362 என்பது அம்பாந்தோட்டைப் பக்கத்து அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றரை மாத நெல்லினம். ஆங்கிலத்தில் அந்த இரண்டெழுத்து ‘இல்’ என்ற பொருளுள்ள சொல்லாகவும் இருப்பதால் ‘362 இல் விதைக்கவும்’ என்று வந்துவிடக்கூடும். நடுவில் ஒரு வரி விழுந்துபோகும். ‘வயல் காய்ந்திருக்கும்போது யூரியா போடக் கூடாது’ என்பதில் ‘கூடாது’ காணாமற் போகும். இப்படிப்பட்ட தவறுகள் ஒரு மொடலுக்கு நேர்ந்த இடத்தில் மற்ற மொடலுக்கும் நேரவேண்டும் என்றில்லை. அதனால் இரண்டாவது மொடல் இவற்றை நன்றாகப் பிடிக்கும்.

இரண்டாவது வகை, எல்லா மொடலும் சேர்ந்து விடுகிற பிழை. இணையத்தில் உள்ள தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வருவது. மொடல்கள் எந்த நிறுவனத்துடையவை என்றாலும் தமிழைப் பெரும்பாலும் அதிலிருந்துதான் கற்றிருக்கின்றன. ஆகவே பிரதேச செயலாளர் ‘வட்டாட்சியர்’ ஆகிறார், மாவட்டச் செயலாளர் ‘மாவட்ட ஆட்சியர்’ ஆகிறார், கமநல சேவைகள் நிலையம் ‘வேளாண் சேவை மையம்’ ஆகிறது. பெரும்போகத்தைச் ‘சம்பா பருவம்’ என்று எழுதினால் நம்மூர்க் கமக்காரர் அதைச் சம்பா அரிசி என்றுதான் வாசிப்பார். கிளிநொச்சியின் கரைச்சி ‘கராச்சி’ ஆகலாம், மாந்தை கிழக்கு ‘மந்தை கிழக்கு’ ஆகலாம். முல்லைத்தீவின் கரைதுறைப்பற்று இன்னும் கடினம். அதன் ஆங்கிலப் பெயர் ‘மரிடைம்பற்று’ என்ற ஒலியில் இருக்கிறது. பட்டியல் கொடுக்காமல் அதைக் கரைதுறைப்பற்று என்று சரியாக மீட்டெடுக்கும் என்று எந்த மொடலையும் நம்பியிருக்க வேண்டாம்.

இவற்றுள் மிகவும் ஆபத்தானது காணிச் சொற்கள். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் திட்டக் காணிகளுக்கு முதலில் அனுமதிப்பத்திரமும் பிறகு அளிப்புப் பத்திரமும் வழங்கப்படுகின்றன. தனியார் காணிக்கு இருப்பது ‘உறுதி’ எனப்படும் பத்திரம். ஆங்கிலத்தில் அளிப்பைக் குறிக்கும் சொல்லுக்கு ‘மானியம்’ என்றும் பொருள் உண்டு. மொடல் ‘மானியப் பத்திரத்தைக் கொண்டுவரவும்’ என்று எழுதினால், இரண்டாவது மொடல் அதை மூலத்தோடு ஒப்பிட்டு ‘பொருந்துகிறது’ என்றே சொல்லும். அகராதிப்படி அது பொருந்துகிறதே! ஆனால் அளிப்புப் பத்திரத்தை வீட்டில் வைத்துவிட்டு, பசளை மானியத் துண்டோடு துணுக்காயிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்துவிடுவார்.

அலகுகளிலும் இது உண்டு. நம்மிடம் நெல்லுக்கு ஒரு புசல் என்பது ஏறக்குறைய 20.9 கிலோ. உலகப் பொதுவில் அதிகம் எழுதப்படும் கோதுமைப் புசல் 27.2 கிலோ. ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் என்பதைக் கிலோவாக்கச் சொன்னால் 42 கிலோவா 54 கிலோவா என்பது மொடல் எந்தப் புசலை நினைத்தது என்பதைப் பொறுத்தது. இரண்டு மொடலும் ஒரே தவறான புசலை நினைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். அந்த ஒற்றுமையைச் சரி என்று எடுத்துவிடக் கூடாது.

வழிகளை ஒப்பிட்டால்

அதே உரையாடலில், அதே மொடலிடம் ‘சரியா, இன்னொருமுறை பார்’ என்று கேட்பது முதல் வழி. காசில்லை, நேரமில்லை, பயனும் மிகக் குறைவு. மொடல் அடுத்து எழுதும் ஒவ்வொரு சொல்லையும் உரையாடலில் ஏற்கெனவே உள்ளதை வைத்தே தீர்மானிக்கிறது. தான் எழுதிய தமிழாக்கம் கண்முன் இருக்கையில் அதை ஒட்டியே பதில் சாய்கிறது. மறுபக்கம், ‘உறுதியாகவா?’ என்று அழுத்திக் கேட்டால் சரியானதையும் மன்னிப்புக் கேட்டு மாற்றிவிடும். வெளியிலிருந்து எந்தத் தகவலும் கிடைக்காமல் மொடல்கள் தங்கள் தர்க்கப் பிழைகளைத் தாங்களே நம்பகமாகத் திருத்துவதில்லை, சில வேளை சரியான விடையைக் கெடுத்தும் விடுகின்றன என்று 2023 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இந்த வழியைச் சரிபார்ப்பு என்ற கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

இரண்டாவது, அதே மொடலைப் புதிய உரையாடலில் திறந்து, மூலத்தையும் தமிழாக்கத்தையும் புதிதாகக் கொடுப்பது. முன்னதைவிட இது நல்லது. விழுந்த வரி, மாறிய எண் போன்றவை அகப்படும். ஆனால் அறிவு அதே அறிவு. முதல்முறை புசலைத் தவறாக நினைத்த மொடல் இரண்டாம்முறையும் அப்படியே நினைக்கும். தான் எழுதிய நடையை மொடல்கள் ஓரளவு அடையாளம் கண்டு அதற்குக் கூடுதல் புள்ளி கொடுக்கின்றன என்று 2024 ஆய்வொன்று கண்டறிந்தது. ஒரே ஒரு மொடல்தான் கைக்கு எட்டும் என்றால் இந்த வழியில் செய்யுங்கள். செய்யாமல் விடுவதிலும் இது எவ்வளவோ மேல்.

மூன்றாவதுதான் எங்கள் தெரிவு. ஒரு நிறுவனத்தின் மொடல் எழுதியதை வேறு நிறுவனத்தின் மொடலிடம் மூலத்தோடு காட்டுவது: சாட்ஜிபிடி எழுதியதை ஜெமினியிடமோ கிளோடிடமோ காட்டுவது, அல்லது மாற்றிக் காட்டுவது. எது எழுதுகிறது, எது பார்க்கிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. பலர் தமிழாக்கத்தை மட்டும் ஒட்டிவிட்டு ‘பிழை இருக்கிறதா?’ என்று கேட்கிறார்கள். மூலம் இல்லாத மொடலுக்கு 225 கிலோ ஏக்கருக்கா ஹெக்டேயருக்கா என்பது எப்படித் தெரியும்? அது நடையை மினுக்கித் திருப்பித் தரும். அதுவும் எப்படி? பசளை ‘உரம்’ ஆகும், திகதி ‘தேதி’ ஆகும், லீற்றர் ‘லிட்டர்’ ஆகும், உறுதி ‘பத்திரம்’ ஆகும். சரியாக இருந்த இலங்கைத் தமிழைப் பிழையென்று நினைத்துத் திருத்திவிட்டு, உண்மையான பிழையை அப்படியே விட்டுவிடும். சரிபார்த்த பிறகு அறிவித்தல் முன்னிருந்ததைவிட மோசமாவது இப்படித்தான்.

ஆகவே கேள்வியை இப்படி எழுதி ஓரிடத்தில் சேமித்து வையுங்கள்:

‘கீழே ஓர் ஆங்கில மூலமும் அதன் தமிழாக்கமும் உள்ளன. தமிழாக்கத்தைத் திருத்தி எழுத வேண்டாம். மூலத்தில் உள்ள ஒவ்வோர் எண், அலகு, திகதி, இடப்பெயர், பதவிப்பெயர், ‘கூடாது’ போன்ற தடைச்சொல் ஆகியவற்றை வரிசையாக எடு. ஒவ்வொன்றுக்கும் மூல வரியையும் தமிழ் வரியையும் அப்படியே எடுத்துக்காட்டி, பொருந்துகிறதா இல்லையா என்று சொல். தமிழில் விடுபட்ட வரிகளையும் மூலத்தில் இல்லாமல் புதிதாகச் சேர்ந்தவற்றையும் தனியே சொல். பிழை எதுவும் இல்லையென்றால் இல்லை என்று மட்டும் எழுது. இது இலங்கைத் தமிழ், சொல்வழக்கை மாற்றப் பரிந்துரைக்க வேண்டாம். இணைத்துள்ள சொற்பட்டியலுக்கு மாறாக ஏதும் இருந்தால் மட்டும் சொல்.’

இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேலை இருக்கிறது. திருத்தி எழுதவிட்டால் பழைய பிழை போய்ப் புதுப் பிழை வரும், எது மாறியது என்றும் தெரியாது. ‘இல்லை’ என்று சொல்ல வழி கொடுக்காவிட்டால் கேட்டதற்காகவே ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துத் தரும். வரிகளை அப்படியே எடுத்துக்காட்டச் சொல்வது மிக முக்கியம். சரிபார்க்கும் மொடலும் இல்லாத வரியை இருப்பதாகச் சொல்லக்கூடியது. அது காட்டிய வரியை மூலத்தில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிடலாம். யார் எழுதியது என்று சொல்லவும் வேண்டாம். ‘நான் எழுதினேன்’ என்றால் புகழத் தொடங்கும், ‘பிழைகள் நிறைய’ என்று முன்கூட்டிச் சொன்னால் இல்லாததையும் தோண்டும்.

நீளமான ஆவணத்தை ஒரே தடவையில் கொடுக்க வேண்டாம். நீண்ட உரையின் நடுப்பகுதியில் மொடலின் கவனம் தளர்வது தெரிந்த குறைபாடு. ஒரு பக்கம், அல்லது முந்நூறு நானூறு சொற்கள், அவ்வளவு போதும். சரிபார்த்து, மனிதர் ஒருவர் திருத்தியபின், திருத்திய வரிகளை மட்டும் இன்னொருமுறை காட்டலாம். அதற்கு மேல் சுற்றவிட்டால் அந்தச் சுற்று முடிவுக்கு வராது.

நான்காவது வழி, இரண்டு மொடலிடமும் தனித்தனியே வேலையைக் கொடுத்து, விடைகள் எங்கே வேறுபடுகின்றன என்று பார்ப்பது. நீளமான கடிதத்துக்கு இது சலிப்பான வேலை, ஏனென்றால் ஒரே கருத்தை இருவிதமாகச் சொன்ன இடமெல்லாம் வேறுபாடாகத் தெரியும். ஆனால் அட்டவணைகளுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. போட்டோக்கொப்பியில் மங்கிய நீர்வரிப் பட்டியலோ கையெழுத்தில் உள்ள அங்கத்தவர் பட்டியலோ இருந்தால், ஒவ்வொரு மொடலையும் தனியே வாசிக்கவிட்டு எண்களை எக்செலில் இரு நிரல்களாக ஒட்டுங்கள். மூன்றாவது நிரலில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். பூச்சியம் வராத வரிகள் எல்லாம் மூலத்தோடு பார்க்கவேண்டியவை. 3 உம் 8 உம், 1 உம் 7 உம் குழம்பிய இடங்களில் பெரும்பாலானவை இப்படி வெளியே வந்துவிடும். இரண்டும் ஒத்துப்போன வரிகளிலும் பத்துக்கு ஒன்றைக் கண்ணால் பாருங்கள். மங்கிய ஓர் எழுத்து இரண்டு மொடலையும் ஒரே மாதிரி ஏமாற்றக்கூடியது.

காணிப் பட்டியலில் இன்னொரு பொறி உண்டு. 2 ஏக்கர் 1 றூட் 20 பேர்ச்சஸ் என்பது 2.120 ஏக்கர் இல்லை. நான்கு றூட் ஓர் ஏக்கர், நாற்பது பேர்ச்சஸ் ஒரு றூட் என்பதால் அது 2.375 ஏக்கர். இந்தக் கணக்கை எந்த மொடலிடமும் விடாமல் எக்செலிலேயே போடுங்கள்: ஏக்கர், அதோடு றூட்டை 4 ஆல் வகுத்தது, அதோடு பேர்ச்சஸை 160 ஆல் வகுத்தது. மருந்துக் கணக்கும் அப்படியே. 10 லீற்றர் தண்ணீருக்கு 15 மில்லிலீற்றர் என்றால் 16 லீற்றர் தாங்கிக்கு 24 மில்லிலீற்றர். கணிகருவி செய்கிற வேலைக்கு இரண்டு மொடல்களின் அபிப்பிராயம் தேவையில்லை.

இரண்டு தமிழாக்கத்தில் எது நல்லது என்று மூன்றாவது மொடலைத் தீர்ப்புச் சொல்லவைப்பதும் நடக்கிறது. நல்ல மொடல்களின் தீர்ப்பு மனிதரின் தெரிவோடு 80 வீதத்துக்கு மேல் ஒத்துப்போனது என்று 2023 இல் ஓர் ஆய்வு சொன்னது. மனிதர்கள் தங்களுக்குள் ஒத்துப்போவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அது ஆங்கில உரையாடல்களில் செய்தது. அதே ஆய்வு, முதலில் வைத்ததற்குச் சாயும், நீளமானதற்குச் சாயும் என்ற குறைகளையும் காட்டியது. கேட்பதென்றால் வரிசையை மாற்றி இருமுறை கேளுங்கள். இரண்டு தடவையும் ஒரே விடை வந்தால் மட்டும் எடுங்கள்.

மடிக்கணினியிலேயே ஓடும் சிறிய மொடல்களும் உண்டு. 8 பில்லியன் அளவுருக்கள் (மொடலின் பருமனைக் காட்டும் உள் எண்கள்) உள்ள ஒன்று சுருக்கிய வடிவில் 5 கிகாபைற் அளவில் இருக்கும், 16 கிகாபைற் நினைவகம் இருந்தால் தடையின்றி ஓடும். இணையம் தேவையில்லை, தரவு வெளியே போகாது. ஆனால் அந்த அளவு மொடல்களின் தமிழ் பலவீனமானது. தமிழாக்கத்தைச் சரிபார்க்க அவற்றை நம்ப வேண்டாம்.

சொற்பட்டியலும் தடைப்பட்டியலும்

இரண்டாம் வகைப் பிழைக்கு மொடலைக் கூட்டுவது மருந்தாகாது. மூன்று மொடலைக் கேட்டாலும் மூன்றும் ஒரே தமிழைப் படித்தவை. அதற்கு வேண்டியது ஒரு தாள். ஆங்கிலப் பெயர் ஒரு பக்கம், நம்முடைய பெயர் மறுபக்கம். மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளில் தொடங்குங்கள். கிளிநொச்சிக்கு கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று நான்கு. முல்லைத்தீவுக்கு கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா என்று ஆறு. பிறகு குளங்கள், கிராம அலுவலர் பிரிவுகள், பதவிப்பெயர்கள், காணிச் சொற்கள், போகங்களின் பெயர்கள், ‘நெல் ஒரு புசல் 20.9 கிலோ’ போன்ற அளவுகள். அறுபது எழுபது சொற்களில் பெரும்பாலான அறிவித்தல்கள் அடங்கிவிடும். இதை எழுதும் மொடலுக்கும் கொடுங்கள், பார்க்கும் மொடலுக்கும் கொடுங்கள். மொடலுக்குத் தெரியாத விடயத்தை அதன் கையில் கொடுத்துவிட்டால் அது நன்றாகவே ஒப்பிட்டுப் பார்க்கும்.

அதோடு ஒரு தடைப்பட்டியலும் வைத்திருங்கள்: வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர், கராச்சி, மந்தை, குறுவை (தமிழ்நாட்டுப் போகம் ஒன்றின் பெயர்), சம்பா பருவம், மானியப் பத்திரம். தமிழாக்கம் வந்தவுடன் ஒவ்வொன்றையும் ஆவணத்தில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். இந்த ஒப்பீட்டில் செலவுக்கு ஏற்ற பலன் எதில் அதிகம் என்று கேட்டால் இந்தத் தேடலைத்தான் சொல்லுவோம். புதுப் பிழை ஒன்று அகப்படும் ஒவ்வொரு தடவையும் பட்டியலில் ஒரு வரி கூடவேண்டும்.

மொடலை முதலில் பரீட்சித்துப் பாருங்கள்

எந்த மொடலைச் சரிபார்ப்புக்கு வைப்பது என்பதை விளம்பரத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். ஏற்கெனவே மனிதர் பார்த்துச் சரியென்று உறுதிசெய்த இரண்டு பக்கத்தை எடுங்கள். அதில் நீங்களே பத்துப் பிழைகளை விதையுங்கள்: நான்கு எண் அல்லது அலகு, இரண்டு விடுபட்ட வரி, ஒரு திகதி, ஒரு ‘கூடாது’, ஓர் இடப்பெயர், ஒரு காணிச்சொல். ஒவ்வொரு மொடலுக்கும் அதே கேள்வியோடு கொடுத்து, எத்தனையைப் பிடித்தது, சரியானதை எத்தனை இடத்தில் பிழையென்றது என்று இரண்டு எண்களையும் குறியுங்கள். இரண்டாவது எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. பத்தில் எட்டைப் பிடித்து முப்பது பொய்க்குற்றம் சொல்லும் மொடலை இரண்டு வாரத்தில் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள், ஏழைப் பிடித்து இரண்டு பொய்க்குற்றம் சொல்வதை வாசிப்பார்கள். நிறுவனங்கள் மொடல்களை அடிக்கடி மாற்றுவதால், போகத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும்.

செலவு பற்றிச் சுருக்கமாக. பெரிய நிறுவனங்களின் வழக்கமான தனிநபர் சந்தா மாதம் 20 டொலர் அளவு. வாரத்துக்கு நாலைந்து பக்கம் என்றால் ஒன்றுக்கும் கட்டத் தேவையில்லை, இரண்டு நிறுவனங்களின் இலவச வசதியே போதும். தமிழ் எழுத்துகள் ஆங்கிலத்தைவிடக் கூடுதலான டோக்கன்களாக (மொடல் உரையை வாசிக்கும் சிறு துண்டுகளாக) உடைவதால் இலவச எல்லை விரைவில் முடியக்கூடும். ஆகவே காலையில் முக்கியமான பக்கங்களை முதலில் கொடுங்கள்.

இரண்டாவது மொடலைக் கூட்டும்போது தகவல் இரண்டாவது நிறுவனத்துக்கும் போகிறது என்பதை மறக்கக் கூடாது. அங்கத்தவர் பட்டியலில் உள்ள 12 இலக்க அடையாள அட்டை எண்ணின் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியது. எண் ஒன்றே பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படியான தரவைப் பற்றியதுதான். பெயர், அடையாள எண், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றை அழித்துவிட்டு ‘அங்கத்தவர் 1, அங்கத்தவர் 2’ என்று போட்டுக் கொடுங்கள். சரிபார்க்க அவை தேவையே இல்லை.

கூட்ட அழைப்புக்கு இரண்டாவது மொடல் வேண்டாம். நாளையும் நேரத்தையும் ஒருவர் பார்த்தால் போதும். பசளை, போகத் திகதிகள், விண்ணப்ப விபரங்களுக்கு மூன்றாவது வழியும் பட்டியல்களும் வேண்டும். பூச்சிமருந்து, காணி, வழக்கு, வைத்தியம் ஆகியவற்றுக்கு இவையெல்லாம் செய்தபிறகும், அந்தத் துறை தெரிந்த ஒரு மனிதர் மூலத்தோடு வைத்து வாசிக்காமல் வெளியே விடவேண்டாம்.

எந்த அறிவித்தலானாலும் அனுப்ப முன்னர், அதை எழுதாத, மூலத்தையும் பார்க்காத ஒரு கமக்காரரிடம் தமிழை மட்டும் கொடுங்கள். ‘விளங்குதா?’ என்று கேட்டால் ஓம் என்றுதான் சொல்லுவார். ‘அண்ணை, உங்கட ரெண்டு ஏக்கருக்கு எத்தினை பை யூரியா எடுப்பியள், எந்தக் கந்தோருக்கு என்ன கொண்டு போவியள்?’ என்று கேளுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் ‘மூண்டு பையும் இன்னும் முப்பது கிலோ மட்டிலும்’ என்று வந்தால் அனுப்பலாம். ‘ஒன்பது பை’ என்று வந்தால் மூலத்தைத் திரும்ப எடுங்கள்.